சின்ன எழுத்து

வக்கீல் அலுவலகத்திலிருந்து போகிற கடிதம் எதை எடுத்தாலும் தலையில் 'ரெஃப்' என்று ஒரு வரி இருக்கும். முதலில் வழக்கறிஞருடைய பெயரின் தலைப்பெழுத்துகள், பெரிய எழுத்தில். ஒரு சாய்கோடு. பிறகு கோப்பு எண். இன்னொரு சாய்கோடு. கடைசியில் அந்தக் கடிதத்தைத் தட்டியெடுத்த கிராணியின் எழுத்துகள், சின்ன எழுத்தில். கட்சிக்காரர்கள் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. பணம் எவ்வளவு, கெடு என்றைக்கு என்று கண் நேராகக் கீழே ஓடிவிடும். நாங்கள் மட்டும்தான் படிப்போம். எதிர்த்தரப்பு அலுவலகத்துக் கடிதம் வந்தால் முதல் பார்வை அங்கேதான். ஓ, இது அந்தப் பிள்ளை பார்க்கிற கோப்பா, ஒரு போன் போட்டால் வேலை முடிந்துவிடும். அல்லது, ஐயோ இவரா, இனி மாதம் முழுக்க நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு நிலம் கைமாறுகிற வேலையில் பாதிக்கு மேல், இந்தச் சின்ன எழுத்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் போனில் பேசித் தீர்த்துக்கொள்வதுதான்.

என்னுடைய எழுத்துகள் கிள்ளானில் ஒரே அலுவலகத்தின் கடிதங்களில் இருபது வருடங்களுக்கு மேலாக உட்கார்ந்திருந்தன. 2024 பிப்ரவரி 5ஆம் தேதி கிள்ளான் அரச மாநகரமானது. நகராண்மைக் கழகத்தின் பெயர்ப்பலகை மாறியது. சாலைக் குழிகள் பதவி உயர்வை ஏற்றுக்கொண்டு அப்படியே இருந்தன. அந்த வருடம்தான் நானும் ஊரை விட்டுக் கிளம்பினேன். இல்லை, ஊரை விடவில்லை. வேலையை மட்டும்தான் விட்டேன். இப்போதும் காலையில் கிள்ளான் ஸ்டேஷனில்தான் ரயில் ஏறுகிறேன், ராத்திரி அதே தாமானில்தான் தூங்குகிறேன். ஆனால் வேலையை விடுவதையும் இடத்தை விடுவதையும் பிரித்துச் சொல்ல எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வருவதில்லை.

வேலையை விடுவது பற்றிய சட்டம் என்னவோ சின்னதுதான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 12ஆம் பிரிவு. நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதன்படி. எழுதவில்லையென்றால், இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு 4 வாரம். இரண்டுக்கு மேல் ஐந்துக்குள் என்றால் 6 வாரம். ஐந்து வருடம் தாண்டியவருக்கு 8 வாரம். முதலாளி அனுப்பினாலும் தொழிலாளி போனாலும் அளவு ஒன்றே. முன்பெல்லாம் குறிப்பிட்ட சம்பளத்துக்கு உட்பட்டவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. 2023 ஜனவரி முதல், சம்பளத்தைப் பார்க்காமல் வேலையாட்கள் எல்லாருக்கும் பொருந்துகிறது. ஊரார் ஒப்பந்தங்களை எல்லாம் வரி வரியாகச் சரிபார்த்தவள், என் நியமனக் கடிதத்தை அந்த வருடம்தான் பீரோவிலிருந்து தேடி எடுத்தேன். அரைப் பக்கம். தட்டச்சு இயந்திரத்தில் அடித்தது. சம்பளம் இருந்தது, சனிக்கிழமை அரை நாள் வேலை இருந்தது. விலகுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சேருகிற அன்றைக்கு யாருக்கும் அது தோன்றவில்லை போலிருக்கிறது. ஆக, எட்டு வாரம்.

ராஜினாமாக் கடிதத்தை வீட்டில்தான் தட்டினேன். பழக்கதோஷத்தில் விரல் 'ரெஃப்' என்று ஆரம்பித்துவிட்டது. அழித்தேன்.

கடிதத்தை மேசையில் வைத்ததும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு படித்தார். இருந்ததே நான்கு வரி; வெகுநேரம் படித்தார். பிறகு கேட்டார்: "உனக்கு நான் என்னம்மா குறை வெச்சேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குறை இருக்கிறது என்று சொன்னால் நன்றி கெட்டவள். இல்லை என்று சொன்னால், பின்னே ஏன் போகிறாய் என்பார். அந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் வீட்டில் அப்பா அடிக்கடி சொல்லிக்காட்டுகிற கேள்வி அது.

கிள்ளானுக்குத் தெற்கே பந்திங் போகிற சாலையில் ஒரு தோட்டம். அப்பா அங்கே பிறந்து, அங்கேயே பிரட்டில் நின்று, அங்கேயே பால்மரம் வெட்டி, மரத்தை வீழ்த்திச் செம்பனை போட்ட பிறகு குலை அறுத்தவர். இளவயதில் துறைமுகத்தில் அவருக்கு ஒரு வேலை தகைந்திருக்கிறது. 1972இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயர் மாறிப் போர்ட் கிள்ளான் ஆன சமயம். சம்பளம் கூடுதல். மானேஜரிடம் போய்ச் சொன்னபோது, அவர் கங்காணியை வைத்துக் கேட்ட கேள்விதான் இது: என்ன குறை? வீடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, பிள்ளையைப் போட ஆயாக் கொட்டகை இருக்கிறது, சாமி கும்பிடக் கோயில் இருக்கிறது. எல்லாம் உண்மை. எல்லாம் தோட்டத்துடையது. வேலையை விட்ட அன்றைக்கு லயத்து வீட்டின் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கு அப்போது என் அண்ணன் வயிற்றில். "போனா எங்க போய்ப் படுக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அப்பா துறைமுகத்துக்குப் போகவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

தாத்தா இதைவிடப் பழைய ஆள். அவர் சைக்கிள் ஓட்டுகிற காலத்தில், எதிரே துரை வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். துரை மட்டுமில்லை, கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லக் கூடாது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, அவற்றோடு இந்தச் சைக்கிளும். தலைமை தாங்கிய ஆர். எச். நாதனை மே மாதம் பிடித்தார்கள். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். பள்ளியில் எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. தாத்தாவும் பெரிதாகப் பேசமாட்டார். சைக்கிளை மட்டும் சாகும்வரை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அலுவலகத்தில் சார் உள்ளே வரும்போது நான் எழுந்து நிற்பேன். எழச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. சேர்ந்த முதல் நாள் எழுந்தேன், பிறகு அது நின்றுவிடவில்லை. வருடங்கள் கழித்துச் சேர்ந்த பிள்ளைகளும் என்னைப் பார்த்து எழுந்தார்கள்.

சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் மின்சாரத் தட்டச்சு இயந்திரம் ஒன்றும், எல்லாரும் தொடப் பயப்படுகிற கணினி ஒன்றும் இருந்தன. கடிதங்கள் ஆங்கிலத்தில், கோர்ட்டுக்குப் போகிறவை மலாயில். 1990இல் தேசிய மொழிச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து கோர்ட்டுக் காகிதம் மலாயில்தான் போக வேண்டும். சாருடைய ஆங்கிலம் லண்டனில் படித்த ஆங்கிலம். மலாய் என் கையில். அவர் சொல்வதை நான் மலாயாக்கித் தட்டிக் கொடுப்பேன். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கோலாலம்பூர் வழக்கு என்றால், டத்தாரான் மெர்டேக்காவுக்கு எதிரே மணிக்கூண்டு வைத்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்குப் போகிற வேலையும் இருந்தது. 2007இல் ஜாலான் டூத்தாவில் புது நீதிமன்ற வளாகம் வந்தது. அதற்கு நாலைந்து வருடத்துக்குள் கணினி வழியாகவே மனுக்களைச் சேர்க்கும் முறையும் வந்து, வரிசையில் நிற்பது ஒழிந்தது. வரிசை ஒழிந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எந்தப் பதிவாளர் எத்தனை மணிக்குக் கோப்பி குடிக்கப் போவார் என்பதுவரை அந்த வரிசையில்தான் தெரிந்துகொள்வோம்.

ஆனால் என் உண்மையான வேலை நிலம். பரிமாற்றத்துக்கு 14A பாரம், வங்கிக் கடனுக்கு 16A, தடை போட 19B. 'ஜெரான்' என்று இருந்தால் ஷா ஆலமில் மாநிலப் பதிவகத்துக்குப் போக வேண்டும், 'ஜெரான் முக்கிம்' என்றால் கிள்ளான் நில அலுவலகம். இதில் மாறிப்போய் நின்றால் ஒரு நாள் போச்சு. முத்திரை வரி விரல் நுனியில் இருக்க வேண்டும்: முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2, அதற்கு மேல் பத்து லட்சம்வரை 3, அதையும் தாண்டினால் 4. பாரத்தைக் கவுண்டரில் நீட்டியதும் மணி, நிமிடம் போட்டு ஒரு எண் கொடுப்பார்கள். முந்தி நீட்டியவருடைய உரிமைதான் முந்தி நிற்கும். ஒரு குடும்பத்தின் முப்பது வருடச் சேமிப்பு அந்த ஒரு நிமிடத்தில் தொங்குவதை நான் பலமுறை கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். வாங்கியவருக்கு அது தெரியாது. அவர் சாவி எப்போது கிடைக்கும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கலாமா என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பார்.

தோட்டங்கள் தாமான்களாக மாறிய காலம் அது. நான் வளர்ந்த பந்திங் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை சாய்ந்து வரிசை வீடுகள் எழுந்தன. அந்த வீடுகளின் விற்பனை ஒப்பந்தங்களில் நூற்றுக்கணக்கானவை என் விரல்வழியாகப் போயின. எனக்குப் பெருமைதான். லயத்தில் பிறந்தவர்கள் வங்கிக் கடனில் சொந்த வீடு வாங்க வரும்போது, பாரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தமிழில் சொல்லிக் கொடுப்பேன். அலுவலகத்துக்கு வீடு கட்டி விற்பவர்களும் கட்சிக்காரர்கள், தோட்டம் வைத்திருந்தவர்களும் கட்சிக்காரர்கள். அதனால் இன்னொரு வகைக் கடிதமும் தட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் ஓர் அம்மா வந்தார். தலையில் துண்டு, கையில் நெகிழிப்பையில் மடித்த காகிதம். எங்களோடு அவருக்குக் கேஸ் எதுவும் இல்லை. பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயரைப் பார்த்து ஏறி வந்திருக்கிறார். "அம்மா, இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று நீட்டினார். வாங்கியதும் கண் பழக்கப்படி மேலே போனது. சாய்கோட்டுக்குப் பிறகு, சின்ன எழுத்தில், நான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதால் தோட்டத்து வீட்டை இத்தனை நாளுக்குள் காலி செய்ய வேண்டும் என்கிற நோட்டீஸ். என்ன எழுதியிருந்ததோ அதைப் படித்துச் சொன்னேன். அவர் அழவில்லை. "முப்பத்தஞ்சு வருசம் வெட்டியிருக்கேன்" என்றார். எங்கள் அலுவலகம் எதிர்த்தரப்பு, அதனால் நாங்கள் எதுவும் சொல்லக் கூடாது. சட்ட உதவி மையத்துக்குப் போகச் சொல்லி, இடத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பஸ் எண்ணும் சொன்னேன். கடிதத்தைத் தட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "நம்ம கடுதாசியையும் எவளோ ஒரு பிள்ளைதான் தட்டியிருப்பா, பாவம்" என்றார். அவர் பாவம் என்று சொன்னது யாரை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வழக்கறிஞர்கள் அலுவலகம் மாறுவது வேறு விதம். அவர்களுக்கு மன்றப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. எந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்தாலும் அந்தப் பெயர் கூடவே வரும். கோலாலம்பூரில் வக்கீல் தொழில் செய்த ஆர். ரமணி, மலேசியாவின் பிரதிநிதியாக ஐ.நா.வுக்குப் போய், 1965 மே மாதம் பாதுகாப்பு மன்றத்துக்கே தலைமை வகித்தார். கோபால் ஸ்ரீராம் 1970இலிருந்து வழக்காடிக்கொண்டிருந்தவர். 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிதாக அமைந்தபோது நேராக அதற்கு நீதிபதியாகப் போனார். 2010இல் ஓய்வு பெற்றதும் மறுபடி கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு கீழே நின்று வாதாட வந்துவிட்டார். 2023 ஜனவரியில் காலமாகும்வரை தொழிலை விடவில்லை. இவர்களிடம் போய் யாராவது, உங்களுக்கு என்ன குறை வைத்தோம் என்று கேட்டிருப்பார்களா? பெரிய எழுத்துக்காரர்கள் இடம் மாறினால் வாழ்த்து விளம்பரம் வருகிறது. கிராணி மாறினால் அலுவலகத்தில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

பெரிய எழுத்துக்காரர்களையும் ஒரு வகையில் உருவாக்குவது நாங்கள்தான் என்பது தனிக் கதை. சட்டம் படித்து முடித்தவர்கள் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி எடுக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டத் தொழில் சட்டத்தின் விதி. 'சேம்பரிங்' என்போம். மூத்தவருக்கு நேரம் ஏது? பாரத்தை எப்படி நிரப்புவது, எந்தக் கவுண்டர், கோப்பை எப்படிக் கோப்பது என்று அந்தப் பிள்ளைகள் எங்களிடம்தான் கற்றுக்கொள்வார்கள். அப்படி என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 14A பாரத்தில் பெயரை அடித்துத் திருத்தி என்னிடம் திட்டு வாங்கிய ஒரு பெண், பிரிக்பீல்ட்ஸில் இன்னொருவரோடு சேர்ந்து அலுவலகம் போட்டிருந்தாள். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தவள் சாவகாசமாகக் கேட்டாள்: "அக்கா, எங்ககிட்ட வந்தா உங்களுக்கு எவ்வளவு சம்பளம் வேணும்?"

எவ்வளவு வேணும். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பழைய இடத்தில் சம்பள உயர்வு தீபாவளிக்கு முன்தினம் அங்பாவ் உறையோடு வரும். உறையில் இருப்பது போனஸ். உயர்வு எவ்வளவு என்று அடுத்த மாதச் சீட்டைப் பார்த்துத்தான் தெரியும். குறைவாக இருந்தாலும் "தேங்க்ஸ் சார்". 2020 மார்ச்சில் நாடே முடங்கியபோது சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்தார்கள், அதை மறக்கமாட்டேன். பிறகு அடுத்த தலைமுறை நாற்காலியில் உட்கார்ந்தது, கோப்புகள் எல்லாம் கணினிக்குள் போயின. புதிதாக வந்த இரண்டு பேருக்கு வேலை பழக்கச் சொன்னார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். என்னுடையதைவிடக் கூடுதல். இதைக் குறையாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் அதுவும் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

சாரிடம் கடைசியில் சொன்ன பதில் இவ்வளவுதான்: "குறை ஒண்ணுமில்ல சார். மாறணும்னு இருக்கு." அவர் கடிதத்தின் ஓரத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதி போட்டார். நல்ல வக்கீல், தேதி போடாமல் எதையும் வாங்கமாட்டார்.

எட்டு வாரமும் ஒப்படைப்பிலேயே போனது. கோப்புகளை ஒப்படைக்கலாம், பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். ஒப்படைக்க முடியாதவையும் இருந்தன. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீ மூடா தாமான் மூழ்கியபோது, மூல ஒப்பந்தமே நனைந்து கரைந்து போனது என்று கைவிரித்து வந்தவர்கள் உண்டு. எந்த வருடம் வாங்கினீர்கள் என்றால் தெரியாது. எந்த வங்கி என்றால் மாறிவிட்டது என்பார்கள். "கூட ஒரு குண்டு மாமா வந்தாரே, அவரு என் மச்சான்" என்பார்கள். அந்த மாமாவை வைத்துக் கோப்பைப் பிடித்திருக்கிறேன். கணினியில் 'குண்டு மாமா' என்று தேடினால் வராது. பழைய கோப்புகளை எரிக்கலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம், நில உரிமை வழக்குக்குக் கெடு 12 வருடம் என்று சொல்லித் தடுத்து வந்தவளும் நான்தான்.

கட்சிக்காரர்கள் பின்னாலேயே வருவார்கள் என்று சிலர் பயந்தார்கள். சட்டத் தொழிலில் ஆள் பிடிப்பது குற்றம்; 1978ஆம் ஆண்டு நடத்தை விதிகள் வழக்கறிஞரைக் கட்டுப்படுத்துகின்றன, கிராணியை வைத்துப் பிடித்தாலும் வழக்கறிஞர்தான் மாட்டுவார். அந்த விதி இல்லாவிட்டாலும் நான் ஒரு போன் நம்பரைக்கூடக் கொண்டுபோகப் போவதில்லை. என்னைத் தேடிப் போன் செய்த பாட்டிமார்களிடம், கோப்பு அங்கேதான் இருக்கு பாட்டி, அங்கேயே கேளுங்க என்று சொன்னேன். "அப்போ நீ எங்கே இருக்கே?" என்றார்கள். பிரிக்பீல்ட்ஸில் என்றேன். "அவ்வளவு தூரமா?"

தூரம் ஒன்றுமில்லை, காத்திருப்புதான். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் அக்கரையில் இருந்த புக்கிட் கூடாவரைக்கும் 1886இலேயே ரயில் விட்டுவிட்டார்கள். ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குள் வந்தது 1890இல். 1995இல் மின்சார கொமியூட்டர் வந்தது. புக்கிட் படாக், பாடாங் ஜாவா, ஷா ஆலம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று தூங்கி விழுந்துகொண்டே போனால் கே.எல். சென்ட்ரல். ரயில் நேரத்துக்கு வந்தால் எனக்குப் புகார் இல்லை. வராத நாள்களில், 1886ஐ நினைத்துக்கொள்வேன்.

2001இல் சென்ட்ரல் வருவதற்கு முன் அந்த இடம் ரயில்வே யார்டு. அதை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் ஊர். தண்டவாளம் போட்ட தமிழர்களும், கணக்கு எழுதவும் ஸ்டேஷன் பார்க்கவும் வந்த யாழ்ப்பாணத்தாரும் சேர்ந்து வளர்த்த ஊர். ஸ்காட் சாலைப் பக்கம் கந்தசுவாமி கோயில், கொஞ்சம் தள்ளி 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம். 2010 அக்டோபர் 27ஆம் தேதி, மன்மோகன் சிங் வந்திருந்தபோது 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். வளைவுகளும் வர்ணமும் வந்தன. எனக்கு அந்த வர்ணம் பிடிக்கவில்லை. பூக்கடைகளின் வாசம் மட்டும் அதைத் தாண்டி நிற்கிறது.

புது அலுவலகத்துக்கு முதல் வாரம் உயில் எழுத வந்த ரயில்வேப் பெரியவர் ஒருவர், எங்கள் ஜன்னலிலிருந்து கையை நீட்டிக் காட்டினார். அங்கேதான் நூறு வீடுகள் இருந்தன என்றார். 1905 வாக்கில் அரசாங்க, ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள், ஜாலான் ரொசாரியோவில். 2010களில் இடித்துவிட்டார்கள். "வேலையில இருந்தவரை வீடு. ரிட்டையர் ஆனா சாவியக் குடுக்கணும். நான் அங்கதான் பொறந்தேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வெள்ளைச் சட்டை போட்ட கிராணி, என் அப்பா சேறு மிதித்த தொழிலாளி. பழைய கணக்கில் அப்பா சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய இடத்தில் இருந்தவர் இவர். சாவி விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

அலுவலகம் இருக்கும் சாலைக்கு துன் சம்பந்தன் பெயர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளிகளை வெளியேற்றிய காலத்தில், தொழிலாளிகளிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கிய மனிதர். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், 1960. அரசியலில் அவரைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில் இருக்கக் கூடாது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். நம் சமூகத்தில் அதைவிட உருப்படியான யோசனை அதிகம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

புது இடத்தில் முதல் நாள் வழக்கறிஞர் உள்ளே வந்தபோது நான் எழுந்துவிட்டேன். யாரும் எழவில்லை. "என்னக்கா, எங்கே போறீங்க?" என்று அவள் கேட்டாள். தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லிப் போத்தலை எடுத்துக்கொண்டு நடந்தேன். கால் பழக இன்னும் கொஞ்சம் நாளாகும். இங்கே கடிதத்தின் அடியில், விவரத்துக்குத் தொடர்புகொள்ளவும் என்று போட்டுக் கிராணியின் முழுப் பெயரை அச்சடிக்கிறார்கள், நேரடி எண்ணோடு. மேலே சாய்கோட்டுக்குப் பின்னால் எழுத்துகள் சின்னதாகத்தான் இருக்கின்றன. அந்த வழக்கத்தை இவர்களும் மாற்றவில்லை. இங்கும் குறைகள் உண்டு. கணினிகள் மெதுவாக ஓடுகின்றன, மத்தியானம் மின்தூக்கி நின்றுவிடுகிறது, சின்னவர்கள் எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார்கள். ஆனால் பேசிய சம்பளம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நோட்டீஸ் காலமும் இருக்கிறது: இரண்டு மாதம், இரு தரப்புக்கும்.

பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் இன்னும் போன் செய்கிறார்கள். அந்த ஜாலான் காப்பார் நிலத்துக் கோப்பு எங்கேக்கா? மேல் தட்டில், இடப்பக்கம், கோப்பு உறை கிழிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன். சாரும் ஒருமுறை பேசினார். கோப்பு எதுவும் கேட்கவில்லை. ரயில் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டார். வருவதில்லை சார் என்றேன். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதைதான். ஆனால் இருபது வருட வேலையை நன்றிக்கடனாக எழுதிக்கொள்கிற கணக்கு தப்புக் கணக்கு. அவர் கொடுத்தது சம்பளம், நான் கொடுத்தது வேலை, அன்றன்றைக்குத் தீர்ந்தது.

வக்கீல் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் தட்டுகிறீர்கள். உங்கள் நியமனக் கடிதம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள். அதில் நோட்டீஸ் காலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். சேமநிதிக் கணக்கைத் திறந்து, உங்கள் 11 விழுக்காடும் முதலாளி போட வேண்டிய 12 அல்லது 13 விழுக்காடும் மாதாமாதம் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். அந்தக் கணக்கு எண் அலுவலகத்துடையது அல்ல, உங்களுடையது. எங்கே போனாலும் கூடவே வரும்.